சக்கரத்தின் நடுவே ஒரு கண்ணாடி

ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பலகையில் இன்ஜின் சூட்டைக் காட்ட ஒரு முள் இருக்கும். ஆயில் அழுத்தத்தைக் காட்ட இன்னொன்று, பிரேக்குக்கான காற்றைக் காட்ட மற்றொன்று. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்கு மட்டும் பெரும்பாலான வண்டிகளில் எதுவும் கிடையாது. வண்டியின் பாரம், திருப்பத்தில் பக்கவாட்டு இழுப்பு, பிரேக் சூடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுழலும் அந்த இரண்டு பேரிங்குகளின் நிலைமையை வண்டி தானாகச் சொல்லாது. ஆள் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். கிரீஸ் அடைத்த ஹப் நல்லதா, ஆயில் ஊற்றிய ஹப் நல்லதா என்ற வாதத்தில் இந்த ஒன்றைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் விசைத்தறி ஊர். ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் லாரித் தொழிலில் போய் நிற்போம். எடப்பாடியைத் தாண்டித் தெற்கே போனால் லாரி உரிமையாளர்களுக்குப் பேர்போன சங்ககிரி. அடுத்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோடு. அதற்கும் அப்பால் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல். வடக்கே நங்கவள்ளி, மேச்சேரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாய். ஹப் சூடேறினால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏன் சூடேறுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படுக்கை, சமையலறை, குளியலறையோடு ஓடும் கேரவன்கள் மேல்நாடுகளில் சாதாரணம். அவற்றில் பெரியவை பேருந்து அல்லது லாரி சேஸிஸ் மீது கட்டப்படுபவை. அப்படிப்பட்ட பலவற்றில் முன்சக்கர ஹப்பில் கிரீஸுக்குப் பதில் கியர் ஆயில் இருக்கும். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளமும் தேர்தல் பிரசாரமும்தான் நினைவுக்கு வரும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இருந்தாலும் சேலம், நாமக்கல் பக்கம் கேரவனுக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால், திருச்செங்கோட்டு ரிக் வண்டியையும் அதன் கூடவே போகும் சப்போர்ட் லாரியையும்தான் காட்டுவேன். மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் அலைகிற அந்த வண்டிகளைச் சுற்றியேதான் ஆட்களின் சமையலும் தூக்கமும். கேரவனைப் போலவே இவையும் நெடுந்தூரம் ஓடும். பிறகு ஓரிடத்தில் நாள்கணக்கில் நிற்கும். இந்த நிற்பதுதான் ஹப்புக்குப் பெரிய சோதனை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஹப்பைத் திறந்து பார்ப்போம். முன் ஆக்சிலின் நுனியில், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் ஸ்டப் ஆக்சில் இருக்கிறது. அதன் மேல் இரண்டு பேரிங்குகள்: உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இரண்டிலும் இருப்பவை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்த ரோலர்கள். இந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த ஹென்றி டிம்கன், இந்த இரண்டு விசைகளையும் ஒரே பேரிங் தாங்கட்டும் என்று கூம்பு ரோலருக்கு 1898இல் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வண்டிக்காக அல்ல, குதிரை இழுக்கும் வண்டிக்காக. இன்றைக்கு நம் லாரியின் முன்சக்கரத்திலும் அதே வடிவம்தான் சுழல்கிறது.

அது எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2018இல் மத்திய அரசு ஆக்சில் பார வரம்பை உயர்த்தியபோது, இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 7 டன் என்று வைத்தது. ஆக, ஒரு சக்கரத்துக்கு மூன்றரை டன். லாரி டயரின் சுற்றளவு ஏறக்குறைய 3.2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல். சேலத்திலிருந்து டெல்லி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சக்கரம் ஏழு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். இத்தனைக்கும் ரோலருக்கும் அது உருளும் பாதைக்கும் நடுவே நிற்பது ஒரு மைக்ரானைக்கூட எட்டாத ஆயில் படலம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அளவுதான் அது.

அவ்வளவு மெல்லிய படலம் டன் கணக்கில் எப்படித் தாங்கும்? இதற்கு விடை கிடைக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயர் ரயில் ஆக்சில் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் ஆயில் விட ஒரு துளை போட்டார். ஆக்சில் சுழன்றதும் அந்தத் துளை வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்துப் பார்த்தார். கட்டை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மேல் விழும் சராசரி அழுத்தத்தைப் போல இரு மடங்கு வரை முள் ஏறியது. சுழலும் ஆக்சில், ஆயிலை ஒடுங்கிக்கொண்டே போகும் இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே எழும் அழுத்தமே பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் ரோலர் பேரிங்குக்கு அந்தக் கணக்கு போதவில்லை. ரோலர் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு வரை போகும். அந்த அழுத்தத்தில் படலம் அறுந்துவிட வேண்டும் என்றுதான் கணக்கு சொன்னது. உண்மையில் அறுவதில்லை. இதற்கு இரண்டு காரணம். அவ்வளவு அழுத்தத்தில் எஃகே சற்று வளைந்து கொடுத்து, கோட்டைச் சிறிய பட்டையாக்குகிறது. அந்த நொடியில் ஆயிலும் பல ஆயிரம் மடங்கு கெட்டியாகி ஏறக்குறைய திடப்பொருளாக நடந்துகொள்கிறது. ரோலர் கடந்ததும் மறுபடி திரவம். இந்த இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்ததில் சோவியத் ஆய்வாளர்களுக்கும், 1959இல் பிரிட்டனின் டவுசன், ஹிகின்சன் இருவருக்கும் பெரும் பங்குண்டு. பட்டறையில் பழைய வேட்டித் துணியால் துடைத்து எறிகிற ஆயிலுக்குள் இத்தனை இயற்பியல் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நம் பக்கத்து மாட்டு வண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் எண்ணெய் மட்டும் விட்டால் வழிந்து ஓடிவிடும், அதைப் பிடித்து வைக்க ஏதாவது சேர்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மசகு செய்து அச்சில் பூசினார்கள். ஆமணக்கு இந்த மண்ணுக்குப் பழகிய பயிர். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விளக்கெண்ணெய் உலோகத்தை விடாமல் பற்றும். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909இல் தன் இன்ஜின் ஆயிலில் விளக்கெண்ணெய் கலந்து, அதன் ஆங்கிலப் பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். வைக்கோல் கரி அன்று செய்த வேலையை இன்றைய கிரீஸில் செய்வது லித்தியம் சோப்பு. கிரீஸ் என்பது தனிப்பொருள் அல்ல. சோப்பின் நார்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் ஆயில்தான் அது. சுழலும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்து பேரிங்கை நனைப்பது அந்த ஆயில். சோப்பு அதை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

இந்தப் பிடிப்புதான் கிரீஸின் பலம். சீல் கொஞ்சம் போனாலும் கிரீஸ் சட்டென்று வெளியேறாது. தூசி, மழை, மண் ரோடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். நம் லாரிகளில் பெரும்பாலும் கிரீஸ் ஹப் இருப்பதில் தவறேதும் இல்லை. பலவீனம் வெப்பத்தில். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் பார வண்டி தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், டிரம்மில் எழும் சூடு நேராக ஹப்புக்குள் போகும். சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகி ஒழுகும். அதற்கு வெகு முன்பே ஆயில் பிரிந்து, சோப்பு மட்டும் காய்ந்த பொருக்காக மிஞ்சத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹப்பைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றுவது அடுத்த வீல் கிரீஸ் வேலையின்போதுதான். இடையில் என்ன நடந்தாலும் இருட்டில் நடக்கிறது.

ஆயில் ஹப் இந்த இருட்டை நீக்குகிறது. சக்கரத்தின் நடுவில் கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு மூடி. அதில் ஆயில் மட்டத்துக்குக் கோடு. நடுவில் ஆயில் விட ஒரு ரப்பர் அடைப்பான். உள்பக்கம், ஆயில் பிரேக் பக்கம் போகாமல் தடுக்க ஆயில் சீல். உள்ளே ஒரு லிட்டருக்கும் குறைவான கியர் ஆயில். அது கீழ்ப்பாதி ரோலர்களை மட்டுமே நனைத்து நிற்கும். சக்கரம் சுழன்றதும் எல்லா ரோலர்களுக்கும் ஏறிவிடும். பேரிங்கில் எழும் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ஹப்பின் சுவரில் சேர்ப்பதும் இந்த ஆயில்தான். கிரீஸ் நின்ற இடத்திலேயே நிற்பதால் அதைச் செய்ய முடியாது.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஓடிய ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிடமாவது விட வேண்டும். அவசரப்பட்டு உடனே பார்த்தால் மட்டம் பொய்யாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றலாம், ஆனால் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. நிறைய ஊற்றினால் நல்லது என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். இங்கே அது கெடுதல். அளவுக்கு மிஞ்சிய ஆயிலை ரோலர்கள் கடைந்துகொண்டே இருக்கும். அதனாலேயே சூடு ஏறும், அழுத்தம் கூடிச் சீல் வழியே வெளியேறும். வேலை முடிந்து புதிதாக ஆயில் விடும்போது இன்னொரு பொறுமை வேண்டும். கெட்டி ஆயில் வெளிப் பேரிங்கைக் கடந்து உள்ளே போக நேரமாகும். மூடியில் மட்டம் சரியாகத் தெரியும். உள் பேரிங் காய்ந்திருக்கும். ஊற்றி, சக்கரத்தைச் சுற்றி, காத்திருந்து, மறுபடி ஊற்றி, மட்டம் நிலைத்து நின்ற பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

மட்டத்தைவிட நிறம் அதிகம் பேசும். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் அதிக அழுத்தத் தண்ணீரை நேராகச் சீல் மீதும் மூடி மீதும் பீய்ச்சுவது அதற்கு ஒரு காரணம். சாம்பல் நிறத்தில் மினுமினுப்புத் தெரிந்தால் எஃகுத் துகள். பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் ஆயில் வெந்திருக்கிறது. கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் இயல்பாகவே ஒரு காரமான வாடை உண்டு. அதையும் தீய்ந்த வாடையையும் மூக்கு சீக்கிரம் பிரித்தறியப் பழகும். மட்டம் இறங்குகிறது, மூடியின் ஓரத்திலும் கசிவில்லை என்றால் டயரின் உள்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே ஆயில் கோடு கோடாகத் தெறித்திருந்தால் பின் சீல் போய்விட்டது. இது மட்டும் ஒத்திப்போடக் கூடாத வேலை. ஆயில் பிரேக் லைனரில் ஊறினால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது. மிதித்ததும் வண்டி மறுபக்கமாக இழுக்கும். ஊறிய லைனரைப் பெட்ரோல் விட்டுக் கழுவிப் போட்டால், சூட்டில் உள்ளிருக்கும் ஆயில் மறுபடி மேலே வரும். மாற்றுவதுதான் வழி.

கிரீஸோ ஆயிலோ, எந்த ஹப்புக்கும் பொருந்துவது கைச்சோதனை. நம் லாரிக்காரர்களுக்கு இது பழைய வழக்கம். டீக் கடையில் வண்டி நின்றதும் கிளீனர் இறங்கி, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்த்து, ஹப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ வாங்கப் போவார். இன்று பல லாரிகளில் கிளீனர் என்ற ஆளே இல்லை. அவர் போனபோது ஒரு சம்பளம் மிச்சமானது தெரிந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் போய்க்கொண்டிருந்த ஒரு கை போனது தெரியவில்லை. ஓட்டுநரே அதைச் செய்யலாம். புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு எப்படி என்று பார்த்து, பிறகே தொட வேண்டும். பிரேக் டிரம் கையைப் பொசுக்கும் சூட்டில் இருக்கக்கூடும். எத்தனை டிகிரி என்பதைவிட இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

ரயில்வேயிலும் இதே கவலை நெடுங்காலம் இருந்தது. ரயில் கடக்கும்போது நிலைய ஊழியர்கள் கொடியோடு நின்று பெட்டிகளை உற்றுப் பார்ப்பதன் காரணங்களில் ஒன்று, சூடேறிய ஆக்சிலைக் கண்டுபிடிப்பது. அந்தக்காலத்து வேகன்களில் ஆயிலில் ஊறிய பஞ்சுக் கழிவைத் திணித்த ஆக்சில் பெட்டிகள் இருந்தன. யாராவது திறந்து ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது கிரீஸ் அடைத்து மூடிய கூம்பு ரோலர் பேரிங்குகள். ஓமலூரிலிருந்து மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் வேகன்களின் ஒவ்வொரு ஆக்சிலையும் தினமும் ஆள் போய்த் திறந்து பார்ப்பது ஆகாத காரியம். அதனால் ரயில்வே ஆயிலிலிருந்து கிரீஸுக்கு வந்தது. சாலையில் கேரவனும் சில கன வாகனங்களும் கிரீஸிலிருந்து ஆயிலுக்குப் போயின. இரண்டும் சரியான முடிவு. தினம் பார்க்க ஓர் ஆள் இருந்தால் ஆயிலைப்போல நல்லது இல்லை. ஆள் இல்லையென்றால் ஆயில் ஹப் கிரீஸ் ஹப்பைவிட வேகமாகச் சாகும். சீல் கிழிந்தால் ஆயில் முழுக்கப் போய்விடும்; கிரீஸ் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு காப்பாற்றும்.

இனி, நிற்கும் வண்டி. ஓடாத வண்டிக்கு என்ன தேய்மானம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1930களில் அமெரிக்காவில் புத்தம்புதிய கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது, சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத அந்தக் கார்களின் சக்கரப் பேரிங்குகளில் வரிவரியாகத் தழும்பு. காரணம், ரயிலின் அதிர்வு. சக்கரம் சுழலவில்லை, ஆனால் ரோலர் மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தது. சுழற்சி இருந்தால்தான் புதிய ஆயில் இடுக்குக்குள் போகும். இது வெறும் அசைவு என்பதால் இருந்த படலமும் ஒதுங்கி, உலோகம் உலோகத்தோடு உரசிக் குழி விழுந்தது. ரிக் வண்டி ஜாக்கிகளில் நின்று பாறையைக் குடையும்போது மணிக்கணக்கில் இந்த அதிர்வைத்தான் வாங்குகிறது. நாள்பட நிற்கும் கேரவனில் அதிர்வு இல்லை, வேறு பிரச்சினை உண்டு. மேல்பாதி ரோலர்களிலிருந்து ஆயில் மெல்ல வடிந்துவிடும். பகலில் சூடேறி இரவில் குளிரும் ஹப்புக்குள் காற்றின் ஈரம் நீராகப் படியும். வடிந்த ரோலரில் நீர் பட்டால் துருப்புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்துதான் பிறகு எஃகு செதிலாகப் பெயரும்.

அதனால் இத்தகைய வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் வைத்து ஆயில் மாற்றுவது போதாது. மாதக் கணக்கும் வேண்டும். நிற்கும் வண்டியை அவ்வப்போது எடுத்து, ஹப் இளஞ்சூடாகும் வரை சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு அணைப்பதால் சக்கரத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

பேரிங்கை இறுக்குவதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: இறுக்கமாக இருந்தால் பாதுகாப்பு என்று. கூம்பு ரோலர் பேரிங்குக்குத் துளி இடைவெளி வேண்டும். சூட்டில் உலோகம் விரியும்; இடம் இல்லையென்றால் ரோலர் நெரிபட்டு மேலும் சூடேறும். கன வாகன ஹப்புகளில் பொதுவாகக் கேட்கப்படும் இந்த இடைவெளி (பிளே) 0.025 மி.மீ. முதல் 0.125 மி.மீ. வரை. கைப்பழக்கத்தில் இதைப் பிடிக்கும் பிட்டர்கள் இருக்கிறார்கள், மதிக்கிறேன். ஆனாலும் டயல் கேஜ் வைத்து அளப்பதே சரி. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உடனே நட்டை முறுக்கக் கூடாது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்; நிற்காவிட்டால், ஸ்டப் ஆக்சில் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங்பின். கிங்பின் தேய்மானத்துக்கு பேரிங்கை முறுக்கினால், நன்றாக இருந்த பேரிங்கும் போகும். பேரிங் மாற்றும்போது ரோலர்கள் உள்ள கோனை மட்டும் மாற்றி, அவை உருளும் பழைய கப்பை விட்டுவைப்பதும் வேண்டாம். புது ரோலர் பழைய தழும்பின் மேல்தான் உருள வேண்டியிருக்கும்.

கிரீஸ் ஹப்பை ஆயிலுக்கு மாற்றலாமா என்று ரிக் வைத்திருப்பவர்கள் கேட்கக்கூடும். மூடியை மட்டும் மாற்றி ஆயில் ஊற்றினால் ஆகாது. ஆயிலைத் தாங்கும் சீல் வேண்டும், அந்தச் சீல் உட்காரும் ஸ்டப் ஆக்சில் பகுதி கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், அந்த ஹப் ஆயிலுக்கும் ஏற்றது என்று வண்டித் தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். பழைய கிரீஸை ரோலர் கூண்டுக்குள்ளிருந்து கடைசிப் பிசுக்கு வரை கழுவி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் கிரீஸ் கட்டி, ஆயில் போகும் வழியை அடைக்கும். இத்தனையும் செய்வதற்கு முன், ஒவ்வொரு நாளும் வண்டி கிளம்பும் முன் நான்கு பக்கமும் சுற்றி வந்து மூடியைத் துடைத்துப் பார்க்கிற ஒருவர் ஆட்களில் இருக்கிறாரா என்று முதலில் யோசியுங்கள். இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் கிரீஸ் ஹப்பையே வைத்துக்கொண்டு, கழற்றிப் பார்க்கும் இடைவெளியைக் குறைப்பது மேல்.